‘கமிட்டி பொறுப்பல்ல’ என்று நோட்டீஸில் போடும் கபடிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கபடிக் குழு அண்ணன் தம்பிமார்களுக்கு,

வணக்கம்.

தை நெருங்குகிறது. இந்நேரம் உங்கள் ஊரில் வசூல் நோட்டு கைமாற ஆரம்பித்திருக்கும். முதல் பரிசு யார் உபயம், கோப்பை யார் உபயம், ஆட்டுக்கிடா யார் உபயம் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்குள் இது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபி படித்தவன். 16 வருடங்களாக மின்னொளி கபடிப் போட்டிகளில் கோட்டோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். காலடியில் ஐஸ் பெட்டி. பையில் ஸ்ப்ரே, கிரேப் பேண்டேஜ், டேப், கத்தரி, இரண்டு ஸ்பிளிண்ட். யாராவது விழுந்தால் மைக்கில் "டாக்டர் உள்ளே வாங்க" என்பார்கள். நான் டாக்டர் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் நோட்டீஸின் அடியில், ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்பதற்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி எப்போதும் இருக்கும்: ‘வீரர்களுக்கு ஏற்படும் காயங்களுக்கு முதலுதவி மட்டுமே அளிக்கப்படும். கமிட்டி பொறுப்பல்ல.’ ஊர் மாறும், பரிசுத்தொகை மாறும், இந்த வரி மட்டும் மாறாது. போன வருட நோட்டீஸில் தேதியை மட்டும் திருத்தி அச்சகத்தில் கொடுப்பதால் அது தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த ‘முதலுதவி மட்டுமே’ என்பது நான்தான். கமிட்டி பொறுப்பல்ல என்றால் பின்னே யார் பொறுப்பு என்று அந்த வரியைப் போட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு யோசிக்க வேண்டி வந்தது.

ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு போட்டி. ஊர்ப்பெயர் வேண்டாம். காலிறுதி, இரவு ஒரு மணி இருக்கும். பாடிப் போன பையனின் கணுக்காலை எதிரணி கார்னர் பிடித்துவிட்டார். பையன் திமிறி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான், ஆனால் எழவில்லை. உள்ளே ஓடினேன். கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கத் தொடங்கியிருந்தது. ஸ்ப்ரே அடித்தேன். "நடந்து காட்டு" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு நாலு அடி நடந்தான். சுற்றிலும் விசில். டேப் சுற்றி இறக்கிவிட்டேன்.

நான் செய்யாமல் விட்டது சின்னக் காரியம்தான். சுளுக்கா முறிவா என்று சந்தேகம் வந்தால், கணுக்கால் குமிழ் எலும்பின் பின்விளிம்பை நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரம் வரை விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். அங்கே வலித்தால் எக்ஸ்ரே. நாலு அடி வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே. ஒட்டாவா விதி என்று பெயர், காலேஜிலேயே மனப்பாடம் செய்தது. நான் நடக்கச் சொன்னேன், அழுத்திப் பார்க்கவில்லை. பத்து விநாடி வேலை. அந்த விசில் சத்தத்தில் விட்டுப்போனது. பையன் இன்னும் இரண்டு ரெய்டு போனான். மூன்றாவதில் காலை ஊன்றவே முடியவில்லை. மறுநாள் எக்ஸ்ரேயில் எலும்பு முறிந்து விலகியிருந்தது. பிளேட் வைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து என் கிளினிக்குக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது, என் பெயருக்கு மட்டும். பையனின் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். "ஏண்ணே, என் ஒருத்தன் பேர்ல மட்டும் அனுப்பியிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கமிட்டிக்கு அட்ரஸ் ஏது தம்பி? உங்க போர்டுதான் ரோட்டு மேல இருக்கு" என்றார்.

நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ஆபரேஷன் செலவில் பாதியை நான் கொடுப்பதாக முடிந்தது. கோர்ட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் காட்டுவதற்கு என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எத்தனை மணிக்கு விழுந்தான், நான் என்ன பார்த்தேன், திரும்ப இறங்கச் சொன்னது நானா கேப்டனா, எதுவும் எழுத்தில் இல்லை. கமிட்டியிலிருந்து ஒருவர் மட்டும் போன் செய்தார். "பாத்துக்கங்கண்ணே, நாங்கதான் நோட்டீஸ்லயே போட்ருக்கோம்ல" என்றார்.

தப்பு என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ‘நோட்டீஸ்லயே போட்ருக்கோம்ல’ என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு வக்கீல் நண்பரோடு பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

கபடி ஆட வருகிறவன் அடிபடலாம் என்று தெரிந்துதான் வருகிறான். சட்டமும் அதை ஒப்புக்கொள்கிறது. முறையாகப் பிடித்ததில் தோள் இறங்கினால் யார் மீதும் வழக்கு நிற்காது. ஆனால் கோட்டுக்கு இரண்டடி தள்ளி நட்ட லைட் கம்பத்தில் தலை மோதலாம் என்றோ, வீங்கிய காலோடு திரும்ப இறக்கிவிடப்படலாம் என்றோ அவன் ஒப்புக்கொண்டு வரவில்லை. பொடி எழுத்து அதற்கெல்லாம் குடை பிடிக்காது. சரி, கையெழுத்தே வாங்கிவிடலாம் என்பீர்கள். 18 வயது நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-லேயே, அப்போது நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்த விஷயம். உங்கள் 55 கிலோ பிரிவில் ஆடும் எத்தனை பேர் இன்னும் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவனுக்குப் பொறுப்பு உண்டு என்பதற்கு என் நண்பர் ஒரு வழக்கைக் காட்டினார். 1995-ல் பஞ்சாபில் ஒரு பள்ளிக்கூடப் பிக்னிக்கில் 14 பிள்ளைகள் பியாஸ் ஆற்றில் மூழ்கிப் போனார்கள். கூடப்போன ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளியும் பதில் சொல்ல வேண்டும் என்று, குழந்தைக்கு 5 லட்சம் இழப்பீட்டை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நீங்கள் பள்ளிக்கூடம் இல்லைதான். ஆனால் பதிவு செய்யாத குழு என்பதால் தப்பிக்கலாம் என்று நினைத்தால் அது தலைகீழ். பதிவு இல்லாத குழுவுக்குச் சட்டத்தின் கண்ணில் தனி உருவம் கிடையாது. அப்போது அதில் இருக்கும் ஒவ்வொருவரும் சொந்தப் பெயரில்தான் நிற்க வேண்டும். நோட்டீஸில் போட்டோ போட்டிருக்கிறீர்களே, அந்த வரிசைப்படி.

என் கதைக்கு வருகிறேன். ஒரு இரவுக்கு நீங்கள் எனக்கு 1,500 ரூபாய் தருகிறீர்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொல்லிவிட்டது. பணம் கொடுத்தது நீங்கள், ஆனால் சேவையைப் பெறுகிற வீரரும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். இரண்டு வருடம் வரை அவர் வழக்குப் போடலாம். காசு வாங்காமல் ஊருக்காக வந்தாலும் சிவில் கோர்ட் கதவு திறந்தே இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரைக் காப்பாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் தனிப் பிரிவு கொண்டுவந்தார்கள். அது சாலையோடு முடிகிறது, கபடிக் கோட்டுக்குள் வராது.

இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. கவனக்குறைவால் ஒருவர் இறந்துபோனால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304 ஏ பிரிவில் யாராக இருந்தாலும் அதிகபட்சம் இரண்டு வருடம் சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 106-வது பிரிவு, தண்டனை ஐந்து வருடம் வரை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நடந்தால் மட்டும் இரண்டு வருடம் வரை. யார் அந்தப் ‘பதிவு பெற்ற மருத்துவர்’ என்று பிரிவின் கீழேயே விளக்கம் இருக்கிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி படித்து, அந்தப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். பிசியோதெரபிஸ்ட் அதில் இல்லை. ஆக, ஒரே கோட்டில், ஒரே வீரருக்கு ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர் செய்த தப்புக்கு இரண்டு, நான் செய்த தப்புக்கு ஐந்து. மைக்கில் நீங்கள் என்னை டாக்டர் என்று கூப்பிடுவது மரியாதைக்காக என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மரியாதை ஸ்டேஷனில் எடுபடாது. ‘டாக்டர் என்று சொல்லிக்கொண்டு வைத்தியம் பார்த்தான்’ என்று அது எனக்கே திரும்பும். ‘பிசியோ’ என்று கூப்பிடுங்கள், போதும்.

வலி தெரியாமலிருக்கப் போடும் ஊசி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அரையிறுதிக்கு முன்னால் ஓரமாகக் கூட்டிப்போய், "ஒரு டைக்ளோ போட்டு இறக்கிவிடுங்கண்ணே, பரிசு வாங்கிட்டு ஆஸ்பத்திரி போய்க்கிறோம்" என்று கேட்காத வருடம் இல்லை. ஹோமியோபதி படித்துப் பதிவு பெற்ற ஒருவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்துபோன வழக்கில், தனக்குத் தகுதியில்லாத மருந்தைக் கொடுத்ததே கவனக்குறைவுதான், வேறு சாட்சி வேண்டியதில்லை என்ற அளவுக்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவருக்கே அப்படி என்றால் நான் எம்மாத்திரம்? என்னிடம் கேட்காதீர்கள். நான் மறுத்தால் மெடிக்கல் ஷாப் தம்பியையும் கூட்டிவராதீர்கள்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே அத்லெட்டிக் டிரெய்னர் என்று தனிப் படிப்பு இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் இல்லாமல் செய்ய முடியாது. அணியோடு வேறு மாநிலத்துக்குப் போனாலும் சொந்த மாநில உரிமத்துக்குரிய இன்சூரன்ஸ் கூடவே வரும் என்று 2018-ல் தனிச் சட்டமே போட்டார்கள். (நான் பக்கத்து மாவட்டத்துக்கு வந்தால் பஸ் காசுக்கே உங்கள் பொருளாளரிடம் இரண்டு தரம் பேச வேண்டும்.) அங்கே நடந்த ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன், நம் ஊருக்கு அப்படியே பொருந்துவதால்.

1984-ல் டென்னசி மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை) பயிற்சி. ஒரு மாணவர் தலையில் அடிபட்டு மயங்கி விழுந்தார். டிரெய்னர் நன்றாகவே பார்த்தார். முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்திருந்தது, உடம்பின் இடது பக்கம் கட்டுப்பாட்டில் இல்லை, இரண்டு கண்மணியும் ஒரே அளவில் இல்லை. எல்லாவற்றையும் கவனித்தவர், ஆஸ்பத்திரிக்கு ஒரு மாணவ உதவியாளரோடு அனுப்பிவைத்தார். தான் பார்த்ததை டாக்டருக்குச் சொல்லவில்லை. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. பையன் மறுபடி பயிற்சிக்கு வந்தார். ஒரு மாதத்தில் மைதானத்திலேயே சரிந்தார். மூளையில் ரத்தக் கட்டு, கோமா, நிரந்தரப் பாதிப்பு. டிரெய்னர் பார்த்ததைச் சொல்லாமல் விட்டதற்குப் பல்கலைக்கழகத்தின் சார்பில் மாநில அரசு பொறுப்பு என்று 1995-ல் மேல்முறையீட்டிலும் உறுதியானது. அந்த டிரெய்னரின் கையில் தப்பில்லை, கண்ணிலும் தப்பில்லை. வாயைத் திறக்கவில்லை, பேனாவை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் போட்டிகளில் அடிபட்டவர் ஜி.எச்.சுக்கு எப்படிப் போகிறார்? பைக்கில், நடுவில் உட்காரவைத்து, முன்னால் ஒரு நண்பர், பின்னால் ஒரு நண்பர். கேஷுவால்டியில் "கபடில விழுந்துட்டான் சார்" என்று சொல்வார்கள். எத்தனை விநாடி நினைவு தப்பியது, வாந்தி எடுத்தானா, கழுத்தை அசைத்தானா, என்ன கட்டு எத்தனை மணிக்குப் போட்டது, எதுவும் கூடப் போவதில்லை. கட்டு என்றால் சாதாரணம் என்று நினைக்க வேண்டாம். 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் முழங்கால் ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு, இறுக்கமாகப் போட்ட கட்டால் ரத்த ஓட்டம் நின்று, காலை இழந்து, உயிரையும் இழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரிக்குள்ளேயே அப்படி நடந்தது. நான் கோட்டோரம் சுற்றும் கிரேப் பேண்டேஜோடு ஒருவன் வேனில் நாலு மணி நேரம் தூங்கிக்கொண்டே ஊர் திரும்புகிறான். அன்றிலிருந்து நான் கட்டுப் போட்டால் விரல் நகத்தை அழுத்தி, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்து, நேரத்தை டேப் மேலேயே பேனாவால் எழுதிவிடுகிறேன். விரல் மரத்தால் அவிழ்த்துவிடு என்று பையனிடமும் வேன் டிரைவரிடமும் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

நெஞ்சில் விழும் அடி இன்னொன்று. 2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த 22 வயது இளைஞர் கோட்டிலேயே சரிந்து இறந்துபோனார். அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோனால், நெஞ்சை அழுத்தாமல், ஷாக் கொடுக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்காவில் டமார் ஹாம்லின் என்ற அமெரிக்க ஃபுட்பால் வீரர் நெஞ்சில் அடிபட்டு ஆட்டத்தின் நடுவே விழுந்தார். அணியின் உதவி டிரெய்னர் அங்கேயே நெஞ்சை அழுத்தினார், ஷாக் கொடுத்தார்கள், ஹாம்லின் அதே ஆண்டில் மறுபடி ஆட வந்தார். அந்த டிரெய்னர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்பதால் மட்டும் இல்லை. யார் எங்கே ஓடுவது, கருவி எங்கே இருக்கும், ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று முன்கூட்டியே பேசி ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்கள். நம் ஊரில் 108 வரும், ஆனால் கோவில் தெரு முனையில் நின்றுவிடும். உள்ளே வர வழியில்லாமல் இருநூறு பைக். ஜல்லிக்கட்டுக்கு 2017 விதிகள்படி கலெக்டர் அனுமதி, காளைக்குக் கால்நடை டாக்டர் பரிசோதனை, மாடுபிடி வீரருக்கு மருத்துவக் குழு என்று எல்லாம் உண்டு. கபடிக்கு மைக் அனுமதி வாங்கினால் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘இந்த ஆளு பயந்துட்டாரு’ என்று சிலர் சொல்வீர்கள். ஆமாம், பயந்துதான் போயிருக்கிறேன். என்னோடு படித்தவர்கள் போட்டிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். புதிதாகப் படித்துவரும் பிள்ளைகளைக் கூப்பிட்டால், "சார், கையெழுத்து எதுவும் போட வேண்டியிருக்குமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நாங்கள் எல்லோரும் ஒதுங்கினால் அந்த நாற்காலியில் ஸ்ப்ரே பாட்டிலோடு உங்கள் ஊர்த் தம்பி ஒருவர் உட்காருவார். அவருக்கும் அந்த ஐந்து வருடம் பொருந்தும், பாவம், அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. 40 பக்க நோட்டு ஒன்று, கார்பன் பேப்பரோடு. அடிபட்டவர் பெயர், நேரம், நான் பார்த்தது, செய்தது, சொன்னது. ஒரு தாள் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகும், நகல் என்னிடம். அப்புறம், தெருமுனையிலிருந்து கோட்டு வரை ஒரு வண்டி வருமளவுக்குக் கயிறு கட்டி வழி விடுங்கள், அதைக் காக்க இரண்டு பேர் போதும். ஷாக் கருவி வாங்க வசதியில்லை என்றால் பரவாயில்லை, நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர்களாகக் குழுவில் நாலு பேரை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை பழக்கித் தருகிறேன், காசு வேண்டாம். எடைக்காக முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடிக்காமல், மழைக்கோட்டு போட்டு ஓடிவிட்டு வரும் பையன்களை மறைத்துவைக்காமல் எனக்குக் காட்டுங்கள். நான் யாரிடமும் போட்டுக்கொடுக்க மாட்டேன். என் தொழிலுக்கான இன்சூரன்ஸ் பிரீமியத்தை நானே கட்டிவிட்டேன், அது உங்கள் தலைவலி இல்லை. ஆனால் வீரர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுப்பது உங்கள் வேலை. இரண்டாம் பரிசு ஆட்டுக்கிடாவைக் கொஞ்சம் இளைத்ததாகப் பார்த்து வாங்கினால் அதற்கான பணம் மிச்சமாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தலையில் அடிபட்டு ஒரு விநாடி நினைவு தப்பினாலும் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. நான் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். கேப்டன், ஸ்பான்சர், எம்.எல்.ஏ. தம்பி, யார் வந்து கேட்டாலும். பொறுப்பு என் தலையில் விழுகிறது என்றால் முடிவும் என் கையில் இருக்க வேண்டும். இப்போது விசிலடிக்கிறவர்கள் கையில் முடிவும், என் கையில் வக்கீல் நோட்டீஸும் இருக்கிறது.

அதனால் அந்தக் ‘கமிட்டி பொறுப்பல்ல’ வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்பதற்கு அடுத்தபடியாக, அதே எழுத்து அளவில் இதைப் போடுங்கள்: ‘காயமடைந்த வீரர் தொடர்ந்து ஆடலாமா என்பதில் பிசியோவின் முடிவே இறுதியானது.’ அச்சகத்தில் புரூஃப் கொடுத்ததும் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுத் தேதி சொல்கிறேன்.

இப்படிக்கு,
கோட்டோர நாற்காலிக்காரன்